மெதுவாகத் துடிக்கும் இதயத்தை மாத்திரையால் ஓட்டலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 69. பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும் போடுகிறார். சென்ற ஆண்டு கொல்லையில் துணி அலசும்போது கண் இருட்டி விழுந்துவிட்டார். அப்போது நாடி 40தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க ஹோல்டர் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) மாட்டிப் பார்த்தார்கள். விழித்திருக்கும்போதே இதயம் சில தடவை மூன்று விநாடிக்கு மேல் நின்று துடித்திருக்கிறது என்று சொல்லி, பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னார்கள். அத்தை பயந்து மறுத்துவிட்டார். அதன் பிறகு ஆர்சிப்ரினலின் மாத்திரை மூன்று வேளையும், டெரிஃபிலின் இரவிலும் கொடுத்தார்கள். நாடி 60க்கு வந்தது, நாங்களும் நிம்மதியானோம். போன மாதம் நீர்க்கடுப்பு வந்ததற்கு மருந்துக் கடையில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வாந்தி, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. ஆஸ்பத்திரியில் நாடி 140க்கு மேல் என்றார்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறை முறையில்லாமல் வேகமாகத் துடிப்பது) என்றார்கள். இரண்டு மாத்திரையையும் நிறுத்திய பின் சரியாகி வீட்டுக்கு வந்தார். இப்போது நாடி மறுபடி 44. நடந்தால் தலை சுற்றுகிறது. மெதுவான இதயத்துக்குக் கொடுத்த மருந்து எப்படி இதயத்தைத் தறிகெட்டு ஓட வைத்தது? பழைய மாத்திரையையே பாதி அளவில் மறுபடி தொடங்கலாமா?

— காரைக்குடி வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடங்க வேண்டாம். பாதி அளவிலும் வேண்டாம், கால் அளவிலும் வேண்டாம். நாடி 44, நடந்தால் தலைசுற்றல், ஏற்கெனவே ஒரு முறை மயங்கி விழுந்திருக்கிறார், விழித்திருக்கும்போதே மூன்று விநாடிக்கு மேல் இதயம் நின்றதற்குப் பதிவும் இருக்கிறது. இத்தனையும் சேர்ந்த ஒருவரை இந்த வாரமே இதய மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய நிலையில் அவர் இல்லை.

இனி, மருந்து ஏன் இப்படிச் செய்தது என்று பார்ப்போம். இதயத்தின் வலது மேலறையில், மேல் உடம்பின் கெட்ட இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் முடிச்சு என்று சிறு திசுத் தொகுதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குமான மின்தூண்டல் அங்கேதான் பிறக்கிறது. வயதாக ஆக அந்த இடத்தில் துடிப்பை எழுப்பும் செல்கள் குறைந்து, நார்த்திசு கூடிக்கொண்டே போகும். அதனால் தூண்டல் தாமதமாகப் பிறக்கிறது, சில நேரம் பிறப்பதே இல்லை. உங்கள் அத்தைக்கு ஹோல்டரில் தெரிந்தது இதுதான்.

ஆர்சிப்ரினலின் மாத்திரை அந்த முடிச்சைச் சரிசெய்யும் மருந்து அல்ல. பயத்திலும் ஓட்டத்திலும் நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் என்ன செய்கிறதோ, கிட்டத்தட்ட அதையே செய்யும் மருந்து அது. அட்ரினலின் வந்து ஒட்டும் இடமான பீட்டா ஏற்பி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உசுப்பும். முடிச்சில் இருக்கும் ஏற்பியைத் தொட்டால் நாடி ஏறும், நமக்கு வேண்டியது கிடைக்கும். ஆனால் அதே ஏற்பி மேலறை முழுக்க இருக்கிறது, கீழறையில் இருக்கிறது, கை கால் தசையிலும் இருக்கிறது. கை நடுங்கியது தசையில் நடந்த வேலை. மேலறைச் செல்களுக்குள் கால்சியம் தேவைக்கு மேல் சேர்ந்து, எங்கோ ஒரு மூலையில் இருக்கும் செல்கள் முறை தவறித் தாமாகவே துடிக்கத் தொடங்கின. அதுதான் படபடப்பு. போதாததற்கு, இவ்வகை மருந்துகள் இரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை செல்களுக்குள் தள்ளிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் முறை தவறிய துடிப்புகள் இன்னும் எளிதாக எழும். வாந்தி எடுத்த ஒருவருக்கு அது முன்பே குறைந்திருக்கவும் கூடும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. முடிச்சை நலியவைத்த அதே முதுமை மேலறைச் சுவரையும் விட்டுவைத்திருக்காது. சுவரில் அங்கங்கே நார்த்திசு படர்ந்திருக்கும். மின்தூண்டல் நேர்வழியில் பரவ முடியாமல் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கான களம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதன் மேல் ஒரு உசுப்பும் மருந்து போய் விழுந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவது ஆச்சரியமில்லை.

இரவில் கொடுத்த டெரிஃபிலின், தியோஃபிலினும் எட்டோஃபிலினும் சேர்ந்த மாத்திரை. வீசிங் உள்ளவர்களுக்கு நம் ஊரில் நெடுநாளாக எழுதப்படுவது. அடினோசின் என்னும் பொருள் இயல்பாகவே சைனஸ் முடிச்சின் வேகத்தை அடக்கும். தியோஃபிலின் அந்த அடினோசினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது, அதனால் நாடி ஏறுகிறது. மருந்து நல்லதுதான், ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகவும் குறைவு. பெரியவர்களுக்கு இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்று நாங்கள் படித்தோம். முதியவர்களுக்கு அதற்குக் கீழேயே தொல்லை தொடங்கிவிடுவதுண்டு. அளவு மீறினால் முதலில் குமட்டல், வாந்தி, நடுக்கம். பிறகு படபடப்பு, துடிப்புக் கோளாறு. மிக மீறினால் வலிப்பு. உங்கள் கடிதத்தில் இருக்கும் வரிசையும் ஏறத்தாழ இதுவே.

அளவு ஏன் மீறியது? நீங்கள் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கவில்லை. தியோஃபிலினை உடம்பிலிருந்து அகற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியையே தடுத்துவிடும். வழக்கமாக வெளியேற வேண்டிய மருந்து வெளியேறாமல் ஒவ்வொரு இரவும் முந்தைய நாள் மிச்சத்தின் மேல் சேர்ந்துகொண்டே போயிருக்கும். மூன்றாம் நாள் அது வெளியே தெரிந்தது. மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் நன்றாகத் தெரிந்த மோதல் இது. கடையில் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று ஒரு கேள்வி எழுந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவையும் தியோஃபிலினை இப்படித் தேங்க வைக்கும். கடுமையான காய்ச்சலும் ஈரல் நோயும் இதயச் செயலிழப்பும் தேங்க வைக்கும். பீடி குடிப்பவர் உடம்பு இந்த மருந்தை வேகமாக அகற்றும். அவர் திடீரென்று பீடியை விட்டால் அதே பழைய அளவே அவருக்கு அதிகமாகிவிடும். வீட்டில் வேறு யாராவது வீசிங்குக்கு இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் இதை நினைவில் வையுங்கள். தியோஃபிலினும் காபியில் இருக்கும் கஃபைனும் ஒரே குடும்பம் என்பதால், அந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் காபியையும் குறைத்துக்கொள்வது நல்லது.

உசுப்பும் மருந்துகளின் இந்த முகம் மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. 1960களில் பிரிட்டனில் ஐசோப்ரினலின் என்ற மருந்தை அடர்த்தி கூட்டி ஆஸ்துமா ஸ்ப்ரேயாக விற்றார்கள். அந்தக் காலத்தில் இளவயது ஆஸ்துமா நோயாளிகளின் இறப்பு திடீரென்று உயர்ந்தது. எச்சரிக்கை வெளியாகி, விற்பனை குறைந்ததும் இறப்பும் குறைந்தது. ஆர்சிப்ரினலின் அதே மருந்தின் நெருங்கிய உறவு, வாயால் சாப்பிடலாம் என்பதும் அதிக நேரம் நிற்கும் என்பதும்தான் வேறுபாடு. அங்கே ஆஸ்துமாவுக்குக் கொடுத்துவந்த ஆர்சிப்ரினலின் சிரப்பும் 2010இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நன்மையைவிட இதயத்தில் ஏற்படும் பக்கவிளைவு மேலோங்கியது என்பதே சொல்லப்பட்ட காரணம். நம் நாட்டில் மெதுவான நாடிக்கு இந்த மாத்திரை இன்றும் எழுதப்படுகிறது. எழுதுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேஸ்மேக்கர் வேண்டாம் என்று நோயாளி எழுந்து போய்விட்டால், கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பும் நிலைதான் பல இடங்களில். ஆனால் சில நாள் சமாளிப்பதற்கான மருந்து வருடக்கணக்கில் நீளும்போது அபாயமும் கூடவே நீள்கிறது.

உங்கள் அத்தையின் விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது படபடப்பைப் பற்றி அல்ல, அது நிற்கும் நேரத்தைப் பற்றி. மேலறை தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சைனஸ் முடிச்சு அடங்கிக் கிடக்கும். ஓட்டம் நின்றவுடன் நலமான முடிச்சு சட்டென்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். நலிந்த முடிச்சுக்கு அது முடியாது. மூன்று, ஐந்து, சில பேருக்கு அதற்கும் மேற்பட்ட விநாடிகள் துடிப்பே இருக்காது. மூளைக்கு இரத்தம் போகாமல் நின்ற இடத்திலேயே விழுவார்கள். ஒரே இதயத்தில் வேகமும் மந்தமும் மாறி மாறி வரும் இந்த நிலையில் மாத்திரையால் இரு பக்கமும் வைத்தியம் செய்ய முடியாது. மந்தத்துக்கு உசுப்பும் மருந்து கொடுத்தால் வேகக் கோளாறு வரும். வேகத்துக்கு மெட்டோப்ரொலால், டில்டியாசெம், அமியோடரோன் என்று அடக்கும் மருந்து கொடுத்தால் மந்தம் கூடும். அடியில் பேஸ்மேக்கர் காவல் இருந்தால் மட்டுமே வேகத்தை அடக்கும் மருந்தைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஆனால் பேஸ்மேக்கருக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டதும் அதுதான், கண் சொட்டு மருந்து.

கண் அழுத்தத்துக்குப் போடும் சொட்டுகளில் டிமோலால் என்று ஒன்று உண்டு. அது பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்து. கண்ணில்தானே போடுகிறோம், இதயத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எல்லோரும் நினைப்பார்கள். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருக்கும் மெல்லிய சவ்வு வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது. வாயால் சாப்பிட்டால் கல்லீரல் அதில் ஒரு பங்கைச் சிதைத்துவிடும், மூக்கு வழியே போனதற்கு அந்தத் தடை இல்லை. முதியவர்களுக்கு நாடியை 40 வரை இறக்க இந்தச் சொட்டு போதும். இரண்டு மருந்து கலந்த சொட்டுகளிலும் டிமோலால் ஒளிந்திருக்கும். புட்டியின் மேல் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

அடுத்து பிரஷர் மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டினலால், மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால், டில்டியாசெம், வெரபமில், குளோனிடின் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் அதுவும் நாடியை இறக்கும். சொட்டும் மாத்திரையும் சேர்ந்தே இறக்கியிருந்தால், அதன் மேல் ஆர்சிப்ரினலின் கொடுத்தது ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் தூக்கியது போலத்தான். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து கொடுத்து, அதன் விளைவுக்கு மூன்றாவது கொடுக்கும் நிலை முதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, என்னை வருத்துவது.

அதற்காக இன்று இரவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கண் சொட்டை நிறுத்தினால் பார்வை போகலாம், போன பார்வை திரும்பாது. மெட்டோப்ரொலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறி நெஞ்சுவலியே வரலாம். கண் மருத்துவரிடம் "இவருக்கு நாடி 44, மாற்றுச் சொட்டு உண்டா?" என்று கேளுங்கள். லட்டனோப்ரோஸ்ட் போன்ற, நாடியைத் தொடாத சொட்டுகள் இருக்கின்றன. மாற்றும் வரை, சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமுள்ள கண்ணின் உள்மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்குக்குள் இறங்குவது குறையும்.

தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, பொட்டாசியம் எவ்வளவு என்ற இரத்தப் பரிசோதனைகள் முன்பு செய்திருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும். தைராய்டு குறைந்து நாடி இறங்கியவர்களுக்குத் தைராய்டு மாத்திரையிலேயே நாடி தேறிவிடும். ஞாபக மறதிக்குக் கொடுக்கும் டோனெப்பெசிலும் நாடியை இறக்கும், அத்தை அதைச் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நாடி எண்ணுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் பிரஷர் கருவியிலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிலோ வரும் எண்ணை அப்படியே நம்புகிறோம். முறை தவறிய துடிப்பு ஒன்றுவிட்டு ஒன்று வருபவர்களுக்கு அந்த இடைத் துடிப்பு வலுவில்லாமல் மணிக்கட்டு வரை எட்டாது. இதயம் 80 முறை துடிக்கும், கருவி 40 என்று காட்டும். இதை மெதுவான இதயம் என்று நினைத்து உசுப்பும் மாத்திரை கொடுத்தால், முறை தவறிய துடிப்பு இன்னும் பெருகும், சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தான கீழறை வேகத் துடிப்பாக மாறலாம். ஈ.சி.ஜி. பார்க்காமல், நாடி எண்ணை மட்டும் வைத்து இந்த மாத்திரைகளை யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். உங்கள் அத்தைக்கு ஹோல்டர் பார்த்திருக்கிறார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்களுக்காக இன்னொன்றும். நாடி 50க்குக் கீழே இருப்பதெல்லாம் நோய் அல்ல. நன்றாக உழைக்கும், ஓடும் உடம்புக்கு 45 இயல்பு. தூக்கத்தில் எல்லோருக்கும் இறங்கும். 2018இல் வெளிவந்த அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதலும், சைனஸ் முடிச்சு மந்தமானவர்களுக்கு இன்ன எண்ணுக்குக் கீழே போனால் பேஸ்மேக்கர் என்று கோடு போடவில்லை. மயக்கம், தலைசுற்றல், மூச்சிரைப்பு போன்ற தொல்லை இருக்கிறதா, அது மந்தத் துடிப்பால்தான் வருகிறதா என்பதையே பார்க்கச் சொல்கிறது. சைனஸ் முடிச்சு மட்டும் மந்தமாகி, தொல்லையே இல்லாதவருக்கு மாத்திரையும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

அப்படியானால் நாடியை ஏற்றும் மருந்துகளுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, பெரும்பாலும் மருத்துவமனைக்குள், மானிட்டர் மாட்டிய படுக்கையில். மாரடைப்பின் முதல் மணிகளில் நாடி இறங்கி பிரஷர் விழுந்தால் அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். தேவைப்பட்டால் டோபமினும் அட்ரினலினும் சொட்டுச் சொட்டாக ஏற்றி, தற்காலிக பேஸ்மேக்கர் வைக்கும் வரை தாக்குப்பிடிக்கிறோம். அங்கேயும் அபாயம் உண்டு. அடைப்பு இதயத்தின் கீழ்ப்பகுதி மின்பாதையில் இருந்தால், அட்ரோபின் மேலறையை மட்டும் வேகமாக்கும். கீழே இறங்கும் துடிப்பு அதனால் இன்னும் குறைந்துவிடலாம். மாரடைப்பில் இருக்கும் இதயத்தை ஐசோப்ரினலினால் உசுப்பினால் ஆக்சிஜன் தேவை ஏறி, கீழறைத் துடிப்புக் கோளாறு வரலாம். ஆனால் அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், அதிர்ச்சி கொடுக்கும் கருவி பக்கத்தில் இருக்கிறது, ஊசியை அந்த நிமிடமே நிறுத்தலாம். நள்ளிரவில் வீட்டில் மாத்திரை சாப்பிட்டுப் படுத்திருக்கும் உங்கள் அத்தைக்கு இது எதுவும் இல்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். சைனஸ் முடிச்சு நலிந்த 107 பேரை வைத்து இத்தாலிய மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு பேஸ்மேக்கர், ஒரு பிரிவுக்கு தியோஃபிலின், மூன்றாவது பிரிவுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. தியோஃபிலின் பிரிவில் இதயச் செயலிழப்பு குறைந்தது. நீடித்த வேகத் துடிப்புக் கோளாறுகள் மூன்று பிரிவிலும் குறிப்பிடும்படி வேறுபடவில்லை. அதாவது, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கவனிப்போடு கொடுத்தால் தியோஃபிலின் அப்படியொன்றும் அரக்கன் இல்லை. அந்த அமெரிக்க வழிகாட்டுதலும், நாடியை ஏற்றினால் தொல்லை தீர்கிறதா என்று பார்க்க இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. ஆனால் அந்த ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டால், மயங்கி விழுவது தெளிவாகக் குறைந்தது பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குத்தான். உங்கள் அத்தையின் தொல்லையே மயங்கி விழுவதுதான். அதோடு அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஒரு முறை வந்தும்விட்டது. அவருக்கு இந்த மாத்திரை பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

மெதுவான இதயத்துக்கு இன்னோர் அபாயமும் உண்டு. துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீளும்போது, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரமும் நீள்கிறது. ஈ.சி.ஜி.யில் கியூ.டி. என்று சொல்வது அதைத்தான். அது மிகவும் நீண்டால் கீழறையில் கொடிய வேகத் துடிப்பு திடீரென்று கிளம்பும். அந்த நேரத்தை மேலும் நீட்டும் மருந்துகள் நம் வீட்டு அலமாரிகளிலேயே இருக்கின்றன. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன். சிப்ரோஃப்ளாக்சசினும் அந்த இனம்தான். எனவே சளிக்கோ வாந்திக்கோ யாரிடம் போனாலும், "இவருக்கு நாடி மெதுவாக இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர் பற்றி அத்தையின் பயத்துக்கு வருகிறேன். என்ன பயம் என்று நீங்கள் எழுதவில்லை. நெஞ்சைப் பிளப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், பிளப்பதில்லை. காலர் எலும்புக்குக் கீழே தோலை மரக்கச் செய்து, சில அங்குலம் மட்டும் திறந்து, இரத்தக்குழாய் வழியாகவே கம்பியை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம்கூடத் தேவைப்படாது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவியின் மின்கலம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வரும். அது எப்போதும் இதயத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. இதயம் தாமதிக்கும்போது மட்டும் ஒரு துடிப்பைக் கொடுக்கும். "பேட்டரி வைத்தால் சாகும் நேரத்திலும் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது உண்மை இல்லை, இதயத் தசை ஓய்ந்த பிறகு பேஸ்மேக்கரின் தூண்டலுக்கு அது துடிக்காது. கருவி வைப்பதில் சிக்கலே இல்லை என்று சொல்லமாட்டேன். வைத்த இடத்தில் இரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம், கம்பி நகரலாம். இவை ஒரு சிலருக்கு வருகின்றன, வந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. செல்போனை மேல்சட்டைப் பையிலோ ரவிக்கைக்குள்ளோ கருவிக்கு மேலே வைக்கக் கூடாது, இண்டக்ஷன் அடுப்பில் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். இவை பழகிவிடும்.

அத்தைக்குக் கதை பிடிக்கும் என்றால் ஆர்னே லார்சனைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்வீடன் நாட்டுக்காரர். இதய மின்பாதை அடைபட்டு நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை மயங்கிக்கொண்டிருந்தவர். மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. கணவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவருடைய மனைவி, அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் வற்புறுத்தினார். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் லார்சனுக்கு வைத்ததுதான் மனித உடலுக்குள் பொருத்திய முதல் பேஸ்மேக்கர். அந்தக் கருவி சில மணி நேரமே ஓடியது, உடனே இன்னொன்று வைத்தார்கள். பிறகு பல முறை கருவி மாற்றி, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். சென்னிங்கும் எல்ம்க்விஸ்ட்டும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

செலவு தடையாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்துவதும் அடங்கும். உங்களுக்குப் பக்கத்தில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இதயவியல் துறை இருக்கிறது. அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் குடும்ப அட்டையுடன் போய்க் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய ஹோல்டர் தாள், 140 ஓடியபோது எடுத்த ஈ.சி.ஜி., எல்லா மாத்திரைப் பட்டைகள், கண் சொட்டுப் புட்டி அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். சொட்டையும் பிரஷர் மாத்திரையையும் மாற்றினால் நாடி தேறுமா? தேறாவிட்டால் எப்போது பேஸ்மேக்கர்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஒரு முறை வந்ததால், பக்கவாதம் வராமல் காக்க இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. மருந்தால் தூண்டப்பட்டு வந்தது, போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். 65 தாண்டிய, இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு இது மருத்துவர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி.

அதுவரை அத்தையைத் தனியாக மாடிப்படி ஏறவோ, கிணற்றடிக்குப் போகவோ விடாதீர்கள். குளியலறையில் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுபடி மயங்கினால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், நாடி 40க்குக் கீழே போய்க் குழப்பமாகப் பேசினால் 108ஐ அழையுங்கள். வீட்டு வைத்தியமோ பழைய மாத்திரையோ கொடுத்துப் பார்க்க வேண்டாம். மீதமிருக்கும் ஆர்சிப்ரினலின் பட்டையை மருத்துவரிடம் காட்டிய பிறகு வீட்டில் வைத்திருக்காதீர்கள். நாடி குறைவு என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் யாராவது வந்து கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.